மேட்டில் ஏறிய ஆறு

மேற்கு ஆஸ்திரேலியாவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் கதை ஒன்று உண்டு. கடற்கரையை ஒட்டிய மலைச்சாரலிலிருந்து 560 கிலோமீட்டர் தொலைவில் கிடந்த வறண்ட பொன்வயல்களுக்குக் குழாய் வழியே ஆற்றுநீரைக் கொண்டுசெல்ல ஒரு பொறியாளர் திட்டமிட்டாராம். குறித்த நாளில் குழாயின் வாயைத் திறந்தார்களாம். தண்ணீர் வரவில்லையாம். ஊர் நகைத்ததாம். மனம் உடைந்த பொறியாளர் தம் உயிரை மாய்த்துக்கொண்டாராம். அவர் மறைந்த சிறிது நேரத்தில் தண்ணீர் பொங்கி வந்ததாம்.

கேட்போர் நெஞ்சை உருக்கும் கதைதான், ஆனால் உண்மையன்று. சார்லஸ் யெல்வர்ட்டன் ஓகானர் என்னும் அப்பொறியாளர் இறந்தது 1902ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள். குழாய்நீர் கல்கூர்லி நகரை அடைந்ததோ 1903 சனவரியில். அவர் எந்தக் குழாயின் முன்னும் காத்து நின்று ஏமாறவில்லை. அவர் இறந்தபோது அணையின் வேலையே முடிந்திருக்கவில்லை. கதை, குழாயின்மேல் பழி சுமத்துகிறது. குழாயோ குற்றமற்றது. அப்படியாயின் அந்த மனிதரைக் கொன்றது எது? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், வறண்ட நிலத்துக்கு நீர் கொண்டு சென்ற ஒரு மாபெரும் பணியின் பெருமையையும், அப்பணியைச் சூழ்ந்திருந்த மனிதக் குற்றங்களையும் ஒருங்கே காண்கிறோம். தண்ணீருக்காக ஆண்டுதோறும் வானத்தையும் அரசையும் நோக்கி நிற்கும் நமக்கு இவ்வரலாறு அயலான் வீட்டுச் செய்தி அன்று.

பொன்னும் உப்பும்

1892 செப்டம்பரில் பெய்லி, போர்டு என்னும் இருவர் கூல்கார்டி என்னுமிடத்தில் பொன் கண்டனர். அடுத்த ஆண்டு சூன் மாதத்தில், அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கிழக்கே, பாட்ரிக் ஹானன் என்னும் ஐரிஷ்காரரும் அவருடைய தோழர்களான பிளானகன், ஷே ஆகியோரும் மேலும் வளமான பொன்நிலத்தைக் கண்டுபிடித்தனர். அதுவே பின்னர் கல்கூர்லி நகராயிற்று. செய்தி பரவியதும் ஆஸ்திரேலியாவின் மற்றப் பகுதிகளிலிருந்தும், கடல் கடந்த நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்தனர். துணிக் கூடாரங்களும் தகரக் கொட்டகைகளும் சில மாதங்களில் நகரங்களாயின.

பொன் இருந்தது; தண்ணீர் இல்லை. அந்நிலத்தில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 260 மில்லிமீட்டர். கோடை வெயில் அதனைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சிவிட வல்லது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஏரி என்று பெயர் பெற்றவை யாவும் உப்புப் படிந்த வெளிகள். நிலத்தைத் தோண்டினால் கருங்கல். கருங்கல்லுக்கு இடையே நீர் கிடைத்தாலும் அது பல இடங்களில் கடல்நீரைவிடக் கரிப்பானது.

எனவே உப்புநீரைப் பெரிய இரும்புக் கொப்பரைகளில் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து, சொட்டுச் சொட்டாக வடித்தெடுத்து விற்றார்கள். ஒரு காலன் தண்ணீர் பல பென்ஸ் விலைக்கு விற்றது. பஞ்சக் காலத்தில் விலை ஷில்லிங்குகளில் ஏறியது. கொப்பரைகளுக்கு விறகு வேண்டிச் சுற்றியிருந்த காடுகள் வெட்டப்பட்டன. குடிக்கவே நீர் இல்லாதபோது குளிப்பதும் துணி துவைப்பதும் எங்ஙனம்? கழிவுகள் கூடாரங்களின் அருகிலேயே குவிந்தன. டைபாய்டுக் காய்ச்சல் புகுந்தது. பொன் தேடி வந்த இளைஞர் பலர் தாய்க்கு ஒரு கடிதம் எழுதவும் வலுவின்றி அந்தச் செம்மண்ணில் அடக்கமாயினர்.

இவ்வேளையில் நம் திருச்சபையின் பெயர் இவ்வரலாற்றில் நன்றியோடு இடம்பெறுகிறது. பெர்த் மறைமாவட்ட ஆயர் மத்தேயு கிப்னியின் அழைப்பை ஏற்று, புனித இறை யோவான் சபை அருட்சகோதரியர் 1895இல் அயர்லாந்திலிருந்து மேற்கு ஆஸ்திரேலியா வந்து சேர்ந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் பொன்வயல்களுக்கும் சென்று காய்ச்சலுற்றோருக்குப் பணிவிடை செய்தனர். வெயிலில் கொதிக்கும் கூரையின் கீழ், அளந்து கொடுக்கப்பட்ட தண்ணீரைக் கொண்டு நோயாளிகளின் நெற்றியை நனைத்த அக்கைகளைப் பற்றி வரலாற்று நூல்கள் மிகுதியாகப் பேசுவதில்லை. ஒரு குவளைத் தண்ணீருக்கும் கைம்மாறு உண்டு என்று கூறிய ஆண்டவர் அவர்களை மறந்திரார்.

மண்ணின் மக்கள் அறிந்த சுனைகள்

தண்ணீரே இல்லாத நிலம் என்று நாம் மேலே கூறியது வந்தேறிகளின் பார்வையில்தான். அந்நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்து வந்தனர். மேற்கே நூங்கார் மக்களும், கிழக்கே வங்கதா முதலிய மக்களும் அதன் ஒவ்வொரு பாறையையும் பெயர் சொல்லி அறிந்திருந்தனர். மழைநீர் வழிந்து தேங்கும் பாறைக்குழிகள் அவர்களுடைய உயிர்நிலைகள். குழியின் வாயைக் கற்பலகையாலோ கிளைகளாலோ மூடிவைப்பர். வெயில் நீரை உறிஞ்சாது, விலங்கு விழுந்து கெடுக்காது. ஒரு சுனையில் தேவைக்கு மட்டும் பருகி, அடுத்த சுனைக்கு நடந்து செல்வர். வறண்ட நிலத்தில் வாழ்வதற்கான ஒழுக்கம் அது.

1860களிலேயே ஹன்ட் என்னும் நில ஆய்வாளர் இம்மக்களின் துணையோடுதான் கிழக்கு நோக்கி வழி கண்டார். அவர் பாறைகளின் அருகே வெட்டுவித்த கிணறுகளைப் பற்றிக்கொண்டுதான் பின்னர் பொன்தேடுவோர் உள்நாட்டுக்குள் நுழைந்தனர். கூட்டம் பெருகியதும் குதிரைகளும் ஒட்டகங்களும் ஒரே நாளில் சுனைகளை வற்றச் செய்தன. ஒரு குடும்பத்துக்குப் பல நாள் போதுமாயிருந்த நீர் ஒரு மந்தையின் ஒருவேளைத் தாகத்துக்குப் போதவில்லை.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. 1896இல் கூல்கார்டியிலிருந்து வடக்கே பாலைவனத்தினூடே புறப்பட்ட டேவிட் கார்னெகி என்னும் பயணி, வழியில் எதிர்ப்பட்ட பழங்குடி மக்களைப் பிடித்துக் கட்டி, உப்பிட்ட இறைச்சியைத் தின்னக் கொடுத்து, தாகத்தால் அவர்களே தங்கள் சுனையைக் காட்டும்படி செய்ததை 1898இல் வெளியிட்ட தம் நூலில் தாமே எழுதிவைத்திருக்கிறார். தாகத்தைக் கருவியாக்கித் தண்ணீரைப் பறித்த செயல் இது. குழாய்த் திட்டத்தின் புகழைப் பாடும் நூல்கள் பெரும்பாலும் இதனைச் சொல்லாமல் கடந்துவிடுகின்றன. நாம் கடந்து செல்லலாகாது. ஏனெனில், புதிய நீர் வருமுன் அந்நிலத்தில் பழைய நீர் இருந்தது. அதற்கு உரியவர்களும் இருந்தனர். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஓகானரின் திட்டம்

அக்காலத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் முதலமைச்சராயிருந்தவர் ஜான் ஃபாரஸ்ட். அவர் இளமையில் நில ஆய்வாளராகப் பாலைநிலங்களைக் கடந்தவர். தாகம் என்பது என்னவென்று தம் நாவால் அறிந்தவர். அவர் 1891இல் நியூசிலாந்திலிருந்து அழைத்துவந்து தலைமைப் பொறியாளராக அமர்த்தியவரே ஓகானர்.

ஓகானர் 1843இல் அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில் பிறந்தவர். உருளைக்கிழங்குப் பயிர் அழுகி இலட்சக்கணக்கானோர் பசியால் மாண்ட அந்தக் கொடும் பஞ்சம் அவருடைய குழந்தைப் பருவத்தில் நிகழ்ந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் அவர் முதலில் எடுத்துக்கொண்ட பெரும்பணி பிரிமாண்டில் துறைமுகம். அங்கே துறைமுகம் அமையாது என்று பலர் கூறினர். ஆற்றின் முகத்துவாரத்தை அடைத்திருந்த பாறைத்திட்டை வெடிவைத்துத் தகர்த்து அவர் அமைத்த துறைமுகம் 1897இல் திறக்கப்பட்டது. இன்றும் பயன்பட்டு வருகிறது.

பொன்வயல்களுக்கு நீர் கொண்டுசெல்லும் திட்டத்தை 1896இல் அரசு முன்வைத்தது. பெர்த் நகருக்குக் கிழக்கேயுள்ள டார்லிங் மலைத்தொடரில் ஹெலினா என்னும் சிற்றாறு ஓடுகிறது. முண்டாரிங் என்னுமிடத்தில் அதன் குறுக்கே 100 அடி உயர அணை எழுப்பி, தேங்கும் நீரைக் குழாய் வழியே கிழக்கே செலுத்த வேண்டும். நாள் ஒன்றுக்கு 50 இலட்சம் காலன், அதாவது ஏறத்தாழ 2 கோடியே 27 இலட்சம் லிட்டர் நீர் செல்ல வேண்டும். செலவு 25 இலட்சம் பவுன் என்று மதிப்பிடப்பட்டது. சின்னஞ்சிறு மக்கள்தொகை கொண்ட அந்நாட்டின் ஓராண்டு வருவாய்க்கு ஏறத்தாழ ஈடான தொகை அது; இலண்டனில் கடனாகப் பெற வேண்டியிருந்தது.

தொலைவு மட்டுமே இடர்ப்பாடு அன்று. பொன்வயல்கள் மலையணையைவிட உயரமான மேட்டுநிலத்தில் இருந்தன. நீர் தாழ்வை நோக்கி ஓடும். இங்கோ 300 மீட்டருக்கும் மேலாக அதனை ஏற்ற வேண்டும். அன்றியும், நீண்ட குழாயின் உட்புறத்தை உராய்ந்து செல்வதால் நீர் தன் விசையை இழந்துகொண்டே போகும். எனவே வழிநெடுக எட்டு நீரேற்று நிலையங்களை அமைத்து, நீராவிப் பொறிகளால் நீரைத் தள்ளுவது என்று ஓகானர் கணக்கிட்டார். ஒரு நிலையம் அடுத்த நிலையத்தின் தொட்டிவரை நீரைத் தள்ளும். அது தன் பங்குக்கு அடுத்ததற்குத் தள்ளும். இறுதியில் புல்லா புல்லிங் என்னும் மேட்டை எட்டிவிட்டால், அங்கிருந்து நீர் தானாகவே கூல்கார்டிக்கும் கல்கூர்லிக்கும் இறங்கி ஓடும். அத்துணை நீரை அத்துணைத் தொலைவுக்கு அத்துணை உயரம் ஏற்றிய முயற்சி அதற்குமுன் உலகில் எங்கும் இருந்ததில்லை.

குழாய்களிலும் ஒரு புதுமை இருந்தது. அக்காலத்து எஃகுக் குழாய்களைத் தகடுகளின் ஓரங்களில் ரிவெட் ஆணிகள் அறைந்து இணைப்பர். ஆணித் துளைகளில் நீர் கசியும். ஆணித்தலைகள் நீரோட்டத்தைத் தடுக்கும். ஆஸ்திரேலியரான மெஃபன் பெர்குசன் வேறொரு முறையைக் கண்டுபிடித்திருந்தார். அரைவட்டமாக வளைத்த இரு தகடுகளின் விளிம்புகளை இரண்டு நீண்ட எஃகுச் சட்டங்களின் பள்ளத்தில் செருகி, சட்டத்தை அழுத்தி இறுக்கிவிட்டால் ஆணியே இன்றிக் குழாய் உருவாகிவிடும். 28 அடி நீளமும் 30 அங்குல விட்டமும் கொண்ட இத்தகைய குழாய்கள் 60,000க்கும் மேல் செய்யப்பட்டன. தகடுகள் ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தன. நீராவிப் பொறிகள் இங்கிலாந்திலிருந்து வந்தன. பொன்வயலுக்குச் சென்ற இருப்புப்பாதையை ஒட்டியே குழாய் கிடத்தப்பட்டதால், எடைமிகுந்த பொருள்களை இறக்குவது எளிதாயிற்று.

சொல் செய்த கொலை

இத்தகைய பணிக்கு எதிர்ப்பு இருப்பது இயல்பே. மக்கள் பணம் செலவாகும்போது கேள்வி கேட்பது மக்களின் உரிமையும் கடமையுமாகும். ஹெலினா ஆறு சிறியது, அணை நிரம்புமா என்று கேட்டார்கள். நீர் போய்ச் சேருமுன் பொன் தீர்ந்துவிட்டால் கடனை யார் அடைப்பது என்று கேட்டார்கள். இவை நேர்மையான கேள்விகள். இவற்றுக்குக் கணக்கைக் கொண்டு விடை கூற ஓகானரால் இயன்றது, கூறியும் வந்தார்.

ஆனால் காலம் செல்லச் செல்லக் கேள்விகள் திட்டத்தை விட்டு மனிதர்மேல் திரும்பின. 1901இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி உருவானதும் ஃபாரஸ்ட் அதன் அமைச்சராகச் சென்றுவிட்டார். மாநிலத்தில் அமைச்சரவைகள் அடுத்தடுத்து மாறின. ஓகானருக்குத் துணைநிற்கும் வலுவான கை அகன்றது. அணையின் அடித்தளத்தில் பாறைப் பிளவு தென்பட்டதால் எதிர்பார்த்ததைவிட ஆழமாகத் தோண்ட வேண்டியிருந்தது, வேலை தாமதப்பட்டது. குழாய் இணைப்புகளை ஈயத்தால் அடைக்கும் வேலைக்கான ஒப்பந்தத்தைப் பற்றி ஐயங்கள் எழுந்தன. பெர்த் நகரத்து ஞாயிற்றுக்கிழமை இதழ் ஒன்று, ஓகானர் கையூட்டுப் பெற்றவர், மக்கள் பணத்தைத் தம் நண்பர்களுக்கு வாரி வழங்கியவர் என்று கடுஞ்சொற்களில் எழுதிற்று. சான்று எதுவும் காட்டப்படவில்லை. அரசு ஊழியராகிய அவர் இதழ்களில் விடையிறுக்கவும் வழியில்லை. அவரைக் காக்க வேண்டியவர்களும் வாய் திறக்கவில்லை. 1902 தொடக்கத்தில் அரச விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது.

உறக்கமின்றி உழைத்து உடலும் உள்ளமும் சோர்ந்திருந்த அம்மனிதர், அதே ஆண்டு மார்ச் 10ஆம் நாள் காலையில் வழக்கம்போல் தம் குதிரையில் கடற்கரைக்குச் சென்றார், உயிரோடு திரும்பவில்லை. அவருக்கு வயது 59. மனைவியையும் மக்களையும் விட்டுச் சென்றார். அவர் எழுதிவைத்த கடிதம் கிடைத்தது. திட்டம் சரியானதே என்றும், வாய்ப்பும் அவதூற்றிலிருந்து பாதுகாப்பும் கிடைத்திருந்தால் தம்மால் அதனை முடித்திருக்க இயலும் என்றும், இனி அதற்கு நம்பிக்கையில்லை என்றும் அதில் எழுதியிருந்தார். அக்கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது: ஹெலினா அணையின் பக்கச் சுவர்களை உடனே கட்டத் தொடங்கும்படி ஓர் அறிவுறுத்தல். உயிரின்மேல் பற்றற்றுப்போன அந்த நேரத்திலும் பணியின்மேல் அவருக்குப் பற்று அறவில்லை.

விசாரணைக் குழு தன் வேலையை முடித்தது. திட்ட அலுவலர் சிலருடைய செயல்களில் குறை கண்டது. ஓகானர் தனிப்பட்ட முறையில் ஊழல் செய்ததற்கு எந்தச் சான்றும் காணவில்லை. தீர்ப்பு நல்ல தீர்ப்புத்தான். கேட்க வேண்டிய காது மண்ணுக்குள் இருந்தது.

உயிர் இறைவன் தந்தது. அதனை முடித்துக்கொள்ளும் உரிமை மனிதனுக்கில்லை என்பது நம் விசுவாசம். ஆயினும் கடும் மனவேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அத்தகையோரின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் திருச்சபை கற்பிக்கிறது. அவர்களுக்காக மன்றாடவும் செய்கிறது. ஆகவே ஓகானரை நியாயம் தீர்ப்பது நம் வேலையன்று. எழுதியவர்களையும், அதனைக் காசு கொடுத்து வாங்கிச் சுவைத்துப் படித்தவர்களையும், உண்மை அறிந்தும் மௌனமாயிருந்தவர்களையும் எண்ணிப் பார்ப்பதே நமக்குப் பயன் தருவது.

தண்ணீர் வந்த நாள்

வேலை நிற்கவில்லை. ஓகானரோடு பணியாற்றிய பொறியாளர்கள் அவர் வகுத்த கணக்கின்படியே தொடர்ந்தார்கள். அணை முடிந்தது. எட்டு நிலையங்களிலும் நீராவிப் பொறிகள் இயங்கின. நீர் ஒவ்வொரு நிலையமாக ஏறி வந்தது. 1903 சனவரி 24ஆம் நாள், கொளுத்தும் கோடையில், கூல்கார்டியிலும் கல்கூர்லியிலும் திறப்பு விழா நடந்தது. ஃபாரஸ்ட் வந்து தொடங்கி வைத்தார். தூசியில் வளர்ந்த குழந்தைகள் முதன்முதலாகத் தண்ணீர் பீறிட்டு எழுவதைக் கண்டனர். இத்திட்டத்தைப் பற்றிப் பேசுகையில் ஃபாரஸ்ட், பாழ்நிலத்தில் வழியும் பாலையில் ஆறும் தோன்றுவதை முன்னுரைத்த எசாயா இறைவாக்கினரை நினைவுகூர்ந்ததாக வரலாறு கூறுகிறது.

ஓகானரின் கணக்கு தவறவில்லை. செலவும் அவருடைய மதிப்பீட்டைப் பெரிதும் மீறிவிடவில்லை. குழாய் நீரைச் சுமந்தது. சொன்ன அளவைச் சொன்ன இடத்தில் சேர்த்தது.

தொடக்கத்தில் நாம் கண்ட கதை எப்படிப் பிறந்தது என்பது இப்போது விளங்குகிறது அல்லவா? நீர் வரத் தாமதித்ததால் ஒருவர் இறந்தார் என்று சொல்லிவிட்டால், அது விதியின் விளையாட்டாகிவிடும். எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. அவதூற்றால் இறந்தார் என்று சொன்னால், ஊரே தன் நாவைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். முன்னதைச் சொல்வது எளிது. ஆகவே அதுவே நிலைத்தது.

பொன்னுக்குப் பின் கோதுமை

மேற்கு ஆஸ்திரேலியாவின் பொன் விளைச்சல் அக்கால உச்சத்தைத் தொட்டது, நீர் வந்த அதே 1903இல். பின்னர் படிப்படியாகக் குறைந்தது. ஒரு காலத்தில் ஆரவாரித்த கூல்கார்டி இன்று சில நூறு பேர் வாழும் சிற்றூர். பொன்னை நம்பிக் கட்டிய குழாய் வீணாயிற்றா? இல்லை. குழாய் சென்ற வழியெங்கும் உழவர்கள் குடியேறினர். முதன்மைக் குழாயிலிருந்து கிளைக்குழாய்கள் பிரிந்தன. கண்டர்டின், மெரடின் போன்ற ஊர்கள் வளர்ந்தன. கோதுமை வயல்களும் ஆட்டு மந்தைகளும் பெருகின. பொன்னுக்காகச் சென்ற நீர் அப்பமாயிற்று. இன்று இத்திட்டம் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு நீர் வழங்குகிறது. திட்டமிடும் மனிதன் காணாத பயனை இறைப்பராமரிப்பு காண்கிறது என்பதற்கு இது ஒரு சான்று.

ஆனால் இதிலும் ஒரு பாடம் மறைந்துள்ளது. தொடக்க ஆண்டுகளில் அணை போதுமான அளவு நிரம்பவில்லை. மரங்கள் நீரைக் குடித்துவிடுகின்றன என்று எண்ணி, அணையின் நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்த மரங்களின் பட்டையை வட்டமாகச் செதுக்கி அவற்றைப் பட்டுப்போகச் செய்தார்கள். ஆற்றில் நீர் சற்று மிகுந்தது. கூடவே உப்பும் மிகுந்தது. அந்த மண்ணின் ஆழத்தில் நெடுங்காலமாக உப்புத் தங்கியிருந்தது. மரங்களின் வேர்கள் நிலத்தடி நீரை உறிஞ்சி, அதனை ஆழத்திலேயே நிறுத்தி வைத்திருந்தன. மரங்கள் மடிந்ததும் நிலத்தடி நீர் உயர்ந்து, உப்பைக் கரைத்து மேலே கொணர்ந்தது. தவற்றை உணர்ந்து காட்டை மீண்டும் வளரவிட்டார்கள், அணைநீர் தேறியது. ஆனால் கோதுமைக்காகக் காடழித்த பரந்த வெளிகளில் அதே தவறு பேரளவில் நிகழ்ந்தது. அங்கே உப்புப் பூத்துப் பயனற்றுப்போன வயல்கள் இன்றும் கிடக்கின்றன.

1970களிலிருந்து அப்பகுதியில் மழையும் குறைந்துவிட்டது. அணைகளுக்கு வரும் நீர் அதனினும் மிகுதியாகக் குறைந்துவிட்டது. ஆகவே இந்நூற்றாண்டில் பெர்த் அருகே கடல்நீரை நன்னீராக்கும் ஆலைகள் அமைக்கப்பட்டன; அந்நீரும் முண்டாரிங் அணைக்குக் கொண்டுவரப்பட்டுக் குழாய்க்குத் துணைசெய்கிறது. உப்புநீரைக் காய்ச்சிக் குடித்த பொன்வயல் மக்களின் வழிமரபினர் மீண்டும் உப்புநீரையே நன்னீராக்கிக் குடிக்கின்றனர். ஆற்றை எவ்வளவு தொலைவு கொண்டுசென்றாலும், ஆற்றுக்கு நீர் தருவது மழையும் காடுமே என்பதை அந்நிலம் மெதுவாக உணர்த்தி வருகிறது.

நம் ஆன்ம சோதனை

விடுதலைப் பயண நூலின் 17ஆம் அதிகாரத்தை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கிறோம். இரபிதிமில் மக்களுக்குத் தண்ணீர் இல்லை. அவர்கள் மோசேயோடு வாதாடினர். தம்மைக் கல்லால் எறிந்துவிடுவார்களோ என்று மோசே ஆண்டவரிடம் கதறும் அளவுக்கு அவர்களுடைய முறுமுறுப்பு முற்றியது. இறைவன் பாறையிலிருந்து நீர் வரச்செய்தார். மக்கள் குடித்தனர். ஆனால் அவ்விடத்துக்கு இடப்பட்ட பெயர் என்ன? பாறை என்றோ ஊற்று என்றோ அதற்குப் பெயரிடவில்லை. மாசா, மெரிபா என்று, மக்கள் சோதித்ததும் வாதாடியதும் நினைவில் நிற்கும்படி பெயரிட்டார் மோசே. தாகம் தீர்ந்த பின்னும் தாகத்தின்போது பேசிய பேச்சு தீரவில்லை.

புனித யாக்கோபின் திருமுகமோ இன்னும் நேரடியாகக் கேட்கிறது. ஒரே ஊற்றுக்கண் நன்னீரையும் உவர்நீரையும் சுரக்குமா என்று நாவைப் பற்றிப் பேசுமிடத்தில்தான் அத்திருமுகம் வினவுகிறது. உவர்நீரின் கொடுமையைப் பொன்வயல் மக்களைவிட நன்கு அறிந்தவர் யார்? அவர்களுக்கு நன்னீர் கொண்டுவர உழைத்தவருக்கு அவர்கள் நாட்டு நாவு உவர்நீரையே வார்த்தது.

பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லாதே என்னும் கட்டளையை நாம் நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதாக எண்ணிவிடுகிறோம். போதிய சான்றின்றி அயலாரிடம் குற்றம் இருப்பதாக நம்பிவிடுவதும்கூட அக்கட்டளையை மீறுவதே என்று திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. ஊர்க் குடிநீர்த் தொட்டியோ, பங்கின் புதிய கட்டடமோ, அன்பியத்தின் சேமிப்போ, பொதுப்பணி ஒன்றை எவரேனும் ஏற்று நடத்தும்போது நாம் கணக்குக் கேட்கிறோம். கேட்பது நன்று; கேட்கவே வேண்டும். ஆனால் கணக்கைக் கேட்குமுன் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோமா? தெருக்குழாய் அருகிலும் கோயில் வாசலிலும் நாம் பேசிவிட்டு மறந்துபோகும் சொல், அவர் வீட்டில் உறங்காமல் விழித்திருப்பதை அறிவோமா? அவர் குற்றமற்றவர் என்று தெரிந்தபின், பேசிய அதே இடத்தில் நின்று அதனைத் திருத்திச் சொன்னதுண்டா?

மற்றொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் வந்தது என்று நன்றித் திருப்பலி நிறைவேற்றும்போது, அது யாருடைய சுனையைக் கடந்து வந்தது என்று கேட்கிறோமா? தூய குடிநீர் ஒவ்வொரு மனிதரின் அடிப்படை உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். அவ்வுரிமை குழாயின் கடைக்கோடியில் நிற்பவருக்கும் உண்டு. குழாய் புறப்படும் இடத்தில் இருப்பவருக்கும் உண்டு. குழாய் வருமுன்னரே அங்கு வாழ்ந்தவருக்கும் உண்டு.

கல்கூர்லி நகரின் கடைத்தெருவில், அங்கே பொன் கண்ட ஹானனுக்கு 1929இல் ஒரு சிலை வைத்தார்கள். அமர்ந்திருக்கும் அம்மனிதரின் கையில் பொன்கட்டி இல்லை. தண்ணீர்ப் பை இருக்கிறது. வழிப்போக்கர் அதிலிருந்து நீர் அருந்தும்படி அதனைக் குடிநீர்க் குழாயாகவே அமைத்தார்கள். அதில் வந்த நீர், ஓகானரின் குழாய் வழியே மேடேறி வந்த நீர். ஓகானருக்கும் 1911இல் பிரிமாண்டில் துறைமுகத்தில் சிலை எழுந்தது. உயிரோடிருந்தபோது ஒரு நல்ல சொல் சொல்லியிருந்தால் போதுமே என்று அச்சிலையைக் காணும் எவருக்கும் தோன்றும்.

தாகமுற்றோருக்குத் தண்ணீர் கொடுப்பது இரக்கச் செயல்களுள் ஒன்று. தண்ணீர் கொண்டுவருவோரின் நற்பெயரைக் காப்பதும் அதனோடு சேர்ந்ததே என்று இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. அடுத்த முறை குடத்தை நிரப்பும்போது, அந்நீர் நம் வாசலை அடைய உழைத்த பெயர் தெரியாத மனிதர்களுக்காக ஒரு சிறு மன்றாட்டை இறைவனிடம் எழுப்புவோம்.